இறப்பரில் கிளை ஒட்டித் திண்ம மின்பகுபொருள் செய்தல்: கொழும்பு ஆய்வுகூடமொன்றின் செய்முறைப் பதிவு

இலித்தியம் அயன் பற்றரிகளில் இன்று பெரும்பாலும் இருப்பது, எளிதில் தீப்பற்றும் காபனேற்றுக் கரைப்பான்களில் கரைக்கப்பட்ட ஓர் இலித்தியம் உப்பாகும். இரு மின்வாய்களுக்கிடையே அயன்களைக் கடத்தும் மின்பகுபொருள் இதுவே. அந்தத் திரவத்தை அகற்றிவிட்டு, கையால் எடுத்து வளைக்கக்கூடிய ஒரு பல்பகுதியப் படலத்தை அங்கே வைக்கும் எண்ணம் புதியதன்று. பொலிஎதிலீன் ஒட்சைட்டு கார உலோக உப்புகளைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும் என்பதை 1973 இல் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் பென்ரன், பாக்கர், ரைற் ஆகியோர் வெளியிட்டனர். அத்தகைய சேர்வைகளை மின்கலங்களில் மின்பகுபொருளாகப் பயன்படுத்தலாம் என்று மிஷேல் ஆர்மான் 1978 இல் முன்மொழிந்தார். அன்றிலிருந்து இத்துறையின் பெரும் பகுதி ஒரே இடர்ப்பாட்டைச் சுற்றியே நடந்து வந்திருக்கிறது. நீண்ட பொலிஎதிலீன் ஒட்சைட்டுச் சங்கிலிகள் ஒழுங்காக அடுக்கிப் பளிங்காகின்றன. அப்பளிங்குகள் ஏறத்தாழ 65 பாகை செல்சியசில்தான் உருகுகின்றன. அயன்களோ, 1983 இல் பெர்தியே குழுவினர் கருக்காந்தப் பரிவின் மூலம் காட்டியபடி, பெரும்பாலும் பளிங்கற்ற பகுதியின் வழியாகவே நகர்கின்றன. ஆகவே அறை வெப்பநிலையில் இப்பொருளின் கடத்துதிறன் மிகவும் குறைந்துவிடுகிறது. 2011 இன் இறுதியில் பாரிஸ் நகரின் வாடகைக் கார்ச் சேவையில் ஓடத் தொடங்கிய புளூகார் வண்டிகளின் பல்பகுதியப் பற்றரிகளை எப்போதும் சூடாக வைத்திருக்க நேர்ந்ததற்கும் இதுவே காரணம்.

ஒட்டு இணைபல்பகுதியம் இந்த இடர்ப்பாட்டை எளிய வழியில் தீர்க்கிறது. எதிலீன் ஒட்சைட்டை நீண்ட சங்கிலியாக வைக்காமல், எட்டொன்பது அலகுகள் கொண்ட குட்டைத் துண்டுகளாக்கி, சீப்பின் பற்களைப் போல வேறொரு சங்கிலியில் தொங்கவிட்டால், அவற்றால் சாதாரண வெப்பநிலையில் பளிங்காக முடியாது. ஆனால் அவற்றின் ஈதர் ஒட்சிசன்கள் இலித்தியம் அயனை முன்போலவே பிடித்துக்கொள்ளும்; துண்டுகள் அசையும்போது அயனும் இடம் மாறும். படலத்துக்கு வேண்டிய உறுதியைப் பிரதான சங்கிலி தரும். கடத்தும் வேலை ஒரு பகுதிக்கும் தாங்கும் வேலை மற்றொரு பகுதிக்கும் பிரித்துக் கொடுக்கப்படுகிறது என்பதே இந்த அமைப்பின் சாரம்.

தாங்கும் சங்கிலியாக நான் இயற்கை இறப்பரைத் தெரிந்தெடுத்தேன். அதன் கண்ணாடிநிலை மாறு வெப்பநிலை, அதாவது எதற்குக் கீழே சங்கிலிகள் அசைவற்றுக் கண்ணாடிபோல விறைக்குமோ அந்த வெப்பநிலை, ஏறத்தாழ மறை 70 பாகை. எனவே அது எந்தக் காலநிலையிலும் விறைப்பதில்லை. அதன் சங்கிலியில் ஒவ்வோர் ஐசோப்பிரீன் அலகிலும் ஓர் இரட்டைப் பிணைப்பும் அதன் அருகே எளிதில் பறிக்கப்படக்கூடிய ஐதரசன்களும் இருப்பதால், கிளை ஒட்டுவதற்கு இடம் தாராளமாக உண்டு. இவற்றோடு, இது எங்கள் மண்ணில் விளையும் பொருள் என்பதும் எனக்கு முக்கியமாக இருந்தது. 1876 இல் கியூ தாவரவியல் பூங்காவிலிருந்து வந்த கன்றுகள் கொழும்பிலிருந்து அதிக தொலைவில் இல்லாத ஹெனரத்கொடவில்தான் நடப்பட்டன. களுத்துறை, கேகாலைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து இறப்பர் பாலும் வெளிறிய கிரேப்புத் தகடுகளும் கொழும்புக்கு எளிதாக வந்து சேருகின்றன. வெளிறிய கிரேப்பு இலங்கை நீண்ட காலமாகப் பெயர் பெற்ற சரக்கு. அதில் நிறமும் புரதமும் குறைவு என்பதால், இரசாயனவியல் வேலைக்கு அது புகையூட்டிய தகட்டைவிடப் பல மடங்கு ஏற்றது.

இறப்பரில் மெதாக்ரிலேற்று ஒட்டுவது பழைய தொழில். மெதைல் மெதாக்ரிலேற்றை இறப்பர் பாலில் ஒட்டி விறைப்பான இறப்பர் செய்யும் முறை 1950களிலேயே பிரித்தானிய இறப்பர் ஆராய்ச்சியாளரால் வகுக்கப்பட்டது. எம்.ஜி.30, எம்.ஜி.49 என்ற பெயர்களில் வரும் எண்கள் அதிலுள்ள மெதாக்ரிலேற்றின் சதவீதத்தைக் குறிக்கின்றன. மலேசியப் பல்கலைக்கழகங்களில் எம்.ஜி.49 உடன் இலித்தியம் உப்பைச் சேர்த்துப் பல ஆய்வுகள் நடந்துள்ளன. ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அடிப்படை வேண்டும் என்பதால் நானும் முதலில் அதையே செய்தேன்.

அதற்கு, அமோனியா சேர்த்து மையநீக்கிச் செறிவாக்கிய, 60 சதவீதம் உலர் இறப்பருள்ள பாலை எடுத்து, நீரால் 40 சதவீதம் வரை ஐதாக்க வேண்டும். விற்பனைக்கு வரும் மெதைல் மெதாக்ரிலேற்றில், போத்தலுக்குள் தானாகவே பல்பகுதியாகிவிடாமல் தடுக்க ஒரு நிரோதி கலக்கப்பட்டிருக்கும். ஐதான சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசலால் பிரிபுனலில் கழுவி, பின்னர் நீரால் கழுவி, நீரற்ற சோடியம் சல்பேற்றால் உலர்த்தினால் அது நீங்கும். அதில் மூன்றாம் பியூற்றைல் ஐதரோபரவொட்சைட்டைக் கரைத்து, மெதுவாகக் கலக்கியபடி பாலில் ஊற்றி, ஒரு மணித்தியாலமேனும் அப்படியே விட வேண்டும். இந்தக் காத்திருப்பு அவசியமானது. மெதைல் மெதாக்ரிலேற்று நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 15 கிராம் அளவுக்கே கரைவதால், அது நீரைக் கடந்து இறப்பர்த் துணிக்கைகளுக்குள் புகுந்து அவற்றை வீங்கச் செய்கிறது. கிளை ஒட்டும் தாக்கம் அந்தத் துணிக்கைகளுக்குள்ளேதான் நடைபெற வேண்டும். அதன் பின்னர் தெற்றாஎதிலீன்பென்றமீனின் ஐதான கரைசலைச் சேர்த்தால் தாக்கம் அறை வெப்பநிலையிலேயே தொடங்கி, பாத்திரம் தொட்டுணரும் அளவுக்குச் சூடாகும். பரவொட்சைட்டும் அமீனும் சேர்ந்த இந்தத் தொடக்கி இணை அமோனியாவையும், ஓரளவு ஒட்சிசனையும் பொறுத்துக்கொள்ளும் என்பதே பாலுக்கு இதைத் தெரிந்தெடுப்பதன் காரணம். இரவு முழுவதும் விட்டு, மறுநாள் ஐதான போமிக் அமிலம் கலந்த சுடுநீரில் மெல்லிய தாரையாக ஊற்றினால் வெண்ணிறத் துருவல்களாகத் திரளும். கல்சியம் குளோரைட்டால் திரளச் செய்வது இன்னும் எளிது. ஆனால் மின்பகுபொருளாகப் போகும் ஒரு பொருளுக்குள் வேறோர் உப்பை நுழைப்பது எந்த விதத்திலும் பொருந்தாது. அமிலத்தையும் பாலிலிருந்த சோப்பையும் அமோனியம் அயன்களையும் நீக்க, கழுவிய நீரின் கடத்துதிறன் காய்ச்சி வடித்த நீரின் அளவுக்கு இறங்கும் வரை திரும்பத் திரும்பக் கழுவினேன்.

இவ்வாறு கிடைத்த பொருள் உறுதியானது, படலமாக நன்றாக வரும். ஆனால் உப்புச் சேர்த்து உலர்த்தியபின் அது 30 பாகையில் காட்டிய கடத்துதிறன் சென்ரிமீற்றருக்கு 10⁻⁹ சீமன்சு என்ற வரிசையிலேயே நின்றது. இதில் வியப்பில்லை. மெதைல் மெதாக்ரிலேற்றுப் பல்பகுதியத்தின் கண்ணாடிநிலை மாறு வெப்பநிலை ஏறத்தாழ 105 பாகை. காபனைல் ஒட்சிசன் இலித்தியத்தைப் பிடித்தாலும், அதைத் தாங்கும் துண்டு அசையாதபோது அயன் எங்கே போகும்? எதிலீன் காபனேற்றுப் போன்ற இளக்கியைச் சேர்த்தால் கடத்துதிறன் பல மடங்கு உயரும் என்பது அறிந்ததே. ஆயினும் அப்போது உண்மையில் கடத்துவது அந்த இளக்கியாகும். பல்பகுதியம் அதைத் தாங்கும் பஞ்சாகிவிடுகிறது. எனக்கு வேண்டியது இளக்கி இல்லாத திண்மம்.

ஆகவே கிளையை மாற்றினேன். பொலிஎதிலீன் கிளைக்கோல் மெதைல் ஈதர் மெதாக்ரிலேற்று என்பது ஒரு முனையில் மெதாக்ரிலேற்றும் மறுமுனையில் மெதொட்சிக் கூட்டமும் கொண்ட, ஏற்கெனவே வளர்ந்த ஒரு வால். சராசரி மூலக்கூற்றுத் திணிவு 500 என்று குறிக்கப்பட்ட சரக்கில் ஏறத்தாழ ஒன்பது எதிலீன் ஒட்சைட்டு அலகுகள் உள்ளன. இதனை இனிக் கிளைக்கோல் மெதாக்ரிலேற்று என்றே சுருக்கமாகச் சொல்கிறேன். இதைப் பாலில் ஒட்ட முயல்வதில் பயனில்லை. இது நீரில் முழுமையாகக் கரையும்; இறப்பர்த் துணிக்கைக்குள் போக அதற்கு எந்தத் தூண்டுதலும் இல்லை; நீரிலேயே தனியாகப் பல்பகுதியாகி, பாலோடு ஒட்டாத ஒரு கூழாக முடியும். இறப்பரும் இதுவும் ஒருங்கே கரையும் ஒரு கரைப்பான் வேண்டும். தொலுயீன் இரண்டையும் கரைக்கிறது.

இங்கே வெளிறிய கிரேப்பின் அருமை தெரிகிறது. முதலில் அதைச் சிறு துண்டுகளாக வெட்டி, சூடான கரைப்பானால் திரும்பத் திரும்பக் கழுவும் சொக்ஸ்லெற் கருவியில் அசற்றோனால் பிரித்தெடுத்தேன். இறப்பரோடு வரும் கொழுப்பமிலங்கள், பிசின்கள் போன்றவை அசற்றோனில் இறங்கிவிடும். பின்னர் இரட்டை உருளை மில்லில் சில தடவை அரைத்தேன். அரைக்காத இறப்பரில் தொலுயீனில் கரையாமல் வீங்கி நிற்கும் ஜெல் பகுதி இருக்கும். மில்லில் சங்கிலிகள் அறுபட்டு மூலக்கூற்றுத் திணிவு குறைந்தால்தான், கலக்கக்கூடிய பாகுநிலையில் தெளிவான கரைசல் கிடைக்கும். அளவுக்கு மீறி அரைத்தால் படலத்தின் உறுதி போய்விடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

கிளைக்கோல் மெதாக்ரிலேற்றிலும் நிரோதிகள் உண்டு. ஆனால் அது நீரில் கரைவதால், மெதைல் மெதாக்ரிலேற்றைப் போலக் காரக் கரைசலால் கழுவ முடியாது. கண்ணாடிக் குழாயொன்றில் கார அலுமினாவை நிரப்பி, அதன் வழியே மெதுவாக இறங்க விடுவதே வழி. பாகுத்தன்மை அதிகமாக இருந்தால் சிறிது தொலுயீனால் ஐதாக்கி இறக்கலாம். இந்தச் சரக்கில் இரு முனையிலும் மெதாக்ரிலேற்றுக் கொண்ட மூலக்கூறுகளும் சிறிதளவு கலந்திருப்பது வழக்கம். அவை குறுக்குப் பிணைப்புகளை உண்டாக்கி முழுக் கரைசலையும் ஜெல்லாக்கக்கூடியவை. எனவே செறிவைக் குறைவாக வைப்பதும், மாற்றம் முழுமை அடையும்வரை காத்திருக்காமல் தாக்கத்தை இடையில் நிறுத்துவதும் நல்லது.

அளவுகள் இவை: 5 கிராம் கிரேப்பு, 150 மில்லிலீற்றர் தொலுயீன், 10 கிராம் கிளைக்கோல் மெதாக்ரிலேற்று, 0.2 கிராம் பென்சொயில் பரவொட்சைட்டு. மூன்று கழுத்துக் குடுவையில் இறப்பர் முற்றாகக் கரைந்த பின்னர், நைதரசனை அரை மணித்தியாலம் கரைசலுக்குள் குமிழியிடச் செய்து ஒட்சிசனை வெளியேற்றி, 80 பாகையில் எட்டு மணித்தியாலம் வைத்தேன். வேலை முழுவதும் புகை உறிஞ்சும் கூட்டுக்குள் நடந்தது. உலர்ந்த பென்சொயில் பரவொட்சைட்டை உரசவோ சூடாக்கவோ கூடாது என்பதையும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்.

தொடக்கியைத் தெரிந்தெடுப்பதில்தான் இந்தத் தயாரிப்பின் வெற்றி தங்கியிருக்கிறது என்று நான் கருதுகிறேன். ஆய்வுகூடங்களில் பலரும் முதலில் கைநீட்டுவது அசோபிஸ்ஐசோபியூற்றிரோநைத்திரைலுக்கே. அது தரும் மூலிகம், அதாவது சோடி சேராத இலத்திரனுள்ள துண்டு, பரிவினால் உறுதியடைந்தது. ஒருபகுதியத்தை, அதாவது பல்பகுதியச் சங்கிலியாக இணையும் சிறு மூலக்கூற்றை, தொடக்க அதனால் முடியும், இறப்பர்ச் சங்கிலியிலிருந்து ஐதரசனைப் பறிக்கும் வலிமை அதற்கு இல்லை. அதைப் பயன்படுத்தினால் பல்பகுதியம் கிடைக்கும், கிளை ஒட்டாது. பென்சொயில் பரவொட்சைட்டிலிருந்து வரும் மூலிகம் இரட்டைப் பிணைப்பில் கூடவோ அதன் அருகிலுள்ள ஐதரசனைப் பறிக்கவோ வல்லது. அவ்வாறு இறப்பரில் பிறக்கும் மூலிகத்திலிருந்துதான் கிளை வளர்கிறது. வெளித் தோற்றத்தில் இரண்டு குடுவைகளும் ஒன்றுபோலவே கெட்டியாகும் என்பதால், இந்த வேறுபாடு பிரித்தெடுத்துப் பார்க்கும்வரை தெரியாது.

பிரித்தெடுத்தலுக்கு வருகிறேன். இப்பணியில் மிகவும் அலுப்பூட்டும் பகுதி இதுவே. எனினும் எந்தக் காரணத்துக்காகவும் சுருக்கக் கூடாத பகுதியும் இதுவே. குடுவையில் மூன்று பொருள்கள் கலந்திருக்கின்றன: கிளை ஒட்டிய இறப்பர், கிளை ஒட்டாத வெறும் இறப்பர், தனியாக உருவான கிளைக்கோல் பல்பகுதியம். கரைசலை மெதனோலில் ஊற்றினால் முதலிரண்டும் வீழ்படிவாகும். தனிப் பல்பகுதியமும் தாக்கமுறாத ஒருபகுதியமும் மெதனோலில் கரைந்து நிற்கும். கிளை மிகுந்த பகுதி மெதனோலில் பால் போலக் கலங்கி மிதப்பதும் உண்டு. குளிர வைத்து மையநீக்கினால் அதுவும் அடியில் சேரும். வீழ்படிவை மீண்டும் சொக்ஸ்லெற்றில் மெதனோலால் ஒரு நாள் கழுவி, வெற்றிடத்தில் உலர்த்தி நிறுத்தபோது 8.6 கிராம் இருந்தது. அதன் பின் பெற்றோலியம் ஈதரால் பிரித்தெடுத்தபோது 0.7 கிராம் வெறும் இறப்பர் கழன்று வந்தது. எஞ்சிய 7.9 கிராமில் 4.3 கிராம் இறப்பர், 3.6 கிராம் கிளை. அதாவது திணிவில் ஏறத்தாழ 46 சதவீதம் கிளை.

திணிவுக் கணக்கை மட்டும் நம்பாமல் கருக்காந்தப் பரிவாலும் சரிபார்ப்பது நல்லது. இரசாயனப் பெயர்ச்சி அளவுகோலில் இறப்பரின் இரட்டைப் பிணைப்பிலுள்ள ஒற்றை ஐதரசன் 5.1 அருகிலும், கிளை முனையின் மெதொட்சி ஐதரசன்கள் மூன்றும் 3.4 அருகிலும், எதிலீன் ஒட்சைட்டு ஐதரசன்கள் 3.6 அருகிலும் தோன்றும். 46 சதவீதக் கிளைக்கு மெதொட்சிச் சமிக்ஞையின் பரப்பு இரட்டைப் பிணைப்புச் சமிக்ஞையின் பரப்பில் ஏறத்தாழ 0.35 பங்காக வர வேண்டும். 5.6, 6.1 ஆகிய இடங்களில் சிறு முனைப்பாவது தெரிந்தால், ஒருபகுதியம் இன்னும் எஞ்சியிருக்கிறது என்று பொருள். இந்த ஒருபகுதியம் ஆவியாகாது. எவ்வளவு உலர்த்தினாலும் நிறையில் மறைந்தே இருக்கும். படலத்தில் தங்கினால் இளக்கியாக நடந்து கடத்துதிறனைப் பொய்யாக உயர்த்தும். தனிப் பல்பகுதியம் தங்கினாலும் அதே விளைவுதான். ஒட்டு இணைபல்பகுதியத்தின் கடத்துதிறன் என்று ஓர் எண்ணை எழுத வேண்டுமானால், அளந்தது அந்தப் பொருளைத்தான் என்று முதலில் உறுதியாகத் தெரிய வேண்டும்.

செங்கீழ் நிறமாலையில் அலையெண் 1730 அருகே காபனைலும், 1100 அருகே ஈதர்ப் பிணைப்பும், 836 அருகே இறப்பரின் அடையாளமும் ஒருங்கே தெரிந்தன. உப்புச் சேர்த்தபின் ஈதர் முனைப்பு அகன்று சற்றுக் குறைந்த அலையெண்ணுக்கு நகர்ந்தது. இலித்தியம் ஈதர் ஒட்சிசன்களோடு சேர்ந்துள்ளது என்பதற்கு அது சான்று.

உப்பாக இலித்தியம் பேர்குளோரேற்றை நான் எடுக்கவில்லை. உலர்ந்த நிலையில் சேதனப் பொருளோடு அதைச் சூடாக்குவது ஆபத்தானது. மாணவர் நடமாடும் அறையில் அதற்கு இடமில்லை. இத்துறையினர் இலித்தியம் ரீ.எவ்.எஸ்.ஐ. என்று சுருக்கி அழைக்கும் இமைட்டு உப்பைப் பயன்படுத்தினேன். அதன் எதிரயன் பெரியது, ஏற்றம் பரவியது; ஆகவே அயன்கள் எளிதில் பிரிகின்றன. இருபது ஈதர் ஒட்சிசனுக்கு ஓர் இலித்தியம் என்ற விகிதத்தில், ஒரு கிராம் கிளைக்கு 0.26 கிராம் உப்பு வேண்டும். 46 சதவீதக் கிளையுள்ள ஒட்டுப் பொருள் ஒரு கிராமுக்கு அது 0.12 கிராம். உப்பைக் கூட்டினால் அயன்களின் எண்ணிக்கை கூடும். ஆனால் ஒவ்வோர் இலித்தியமும் பல ஒட்சிசன்களைச் சேர்த்துப் பிடிப்பதால் கிளைகளின் அசைவு குறைந்து கண்ணாடிநிலை மாறு வெப்பநிலை ஏறும். பன்னிரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் செய்த படலம் இருபதுக்கு ஒன்றைவிடக் குறைவாகவே கடத்தியது.

இனி ஈரம். கொழும்பில் இந்த வேலையைச் செய்வோர் வேறு எதையும்விட இதைப் பற்றியே அதிகம் சிந்திக்க வேண்டும். எங்கள் அறையின் ஈரமானி மழையில்லாத நாளிலும் 70 சதவீதத்தை ஒட்டியே நிற்கும். பருவமழைக் காலத்தில் அதற்கு மேலே ஏறிவிடும். இந்த உப்பு காற்றிலிருந்து நீரை இழுத்துத் தானே அதில் கரையக்கூடியது. கிளைக்கோல் கிளைகளும் நீரை விரும்புபவை. நீர் மூலக்கூறுகள் படலத்துக்குள் சென்றதும் இலித்தியத்தைச் சூழ்ந்து, கிளைகளையும் இளக்கி, கடத்துதிறனைக் கவர்ச்சியான எண்ணுக்கு உயர்த்திவிடும். அந்தப் படலத்தை இலித்தியம் உலோகத்தின் மேல் வைத்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. எனவே இந்நகரில் அளக்கப்படும் உயர்ந்த கடத்துதிறன் எதையும், அது உலர்ந்தது என்று நிறுவப்படும் வரை, நீரின் கடத்துதிறன் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

எங்களிடம் ஆகன் நிரப்பிய கையுறைப் பெட்டி இல்லை. அது இல்லாமலும் கவனத்தோடு செய்யலாம். உப்பை 120 பாகையில் வெற்றிடத்தில் ஒரு நாள் உலர்த்தி, சூடு தணியும்போதே உலர் நைதரசனை உள்ளே விட்டு, மூடிய போத்தலில் நிறுத்தேன். தெற்றாஐதரோபியூரானை மூலக்கூற்றுச் சல்லடை மணிகளின் மேல் பல நாள் வைத்து உலர்த்தினேன். பல்பகுதியத்தையும் உப்பையும் அதில் ஒருங்கே கரைத்து, ரெஃப்லோன் தட்டில் ஊற்றி, நைதரசன் மெதுவாக ஓடும் ஒரு மூடிய பெட்டிக்குள் கரைப்பானை ஆவியாக விட்டேன். தொலுயீனை விடுத்துத் தெற்றாஐதரோபியூரானை எடுத்ததற்குக் காரணமுண்டு. உப்பைக் கரைப்பது ஒன்று. மற்றொன்று, தொலுயீன் இறப்பருக்கே அதிகம் இசைவானது என்பதால், அது ஆவியாகும்போது இறப்பர் தொடர்ச்சியான பகுதியாகவும் கடத்தும் கிளைகள் அதற்குள் தனித்தனித் தீவுகளாகவும் உறையக்கூடும். தீவுகளிடையே அயன் தாண்டாது. கிளைப்பகுதி ஒரு முகத்திலிருந்து மறுமுகம் வரை தொடர்ந்து செல்ல வேண்டும். கரைப்பான் முற்றாகப் போனதும் படலத்தை 60 பாகையில் வெற்றிடக் கனலடுப்பில் இரண்டு நாள் வைத்தேன்.

மழை பெய்துகொண்டிருந்த ஒரு பிற்பகலில், படலத்தை வெளியே எடுக்க ஆயத்தமானபோது, எங்கள் ஆய்வுகூட உதவியாளர் "இண்டைக்கு வேண்டாம் சேர், நாளைக்குக் காலமை ஏசியைப் போட்டு அறை காஞ்சாப் பிறகு எடுப்பம்" என்றார். அவர் சொன்னதே சரி. குளிரூட்டி ஓடும் அறையில் ஈரம் கணிசமாகக் குறையும். எடுத்தல், வெட்டுதல், மூடுதல் ஆகிய மூன்றையும் அந்த நேரத்துக்கே வைத்துக்கொண்டோம்.

16 மில்லிமீற்றர் விட்டமுள்ள வட்டுகளாக வெட்டி, இரு கறையில் உருக்கு வட்டுகளுக்கு இடையே வைத்து, பொத்தான் மின்கல உறைக்குள் அழுத்தி மூடினேன். தடித்த படலம் அழுத்தத்தில் பிதுங்கித் தடிப்பு மாறாமலிருக்க, ஓரத்தில் 200 மைக்ரோமீற்றர் தடிப்புள்ள ரெஃப்லோன் வளையம் ஒன்றை வைப்பது உதவும். அதன் பின் தடங்கல் பகுப்பாய்வுக் கருவியில், ஒரு மெகாஹேட்சிலிருந்து கீழ்நோக்கி மீடிறனை மாற்றி அளந்தேன். உயர் மீடிறனில் ஓர் அரைவட்டமும் தாழ் மீடிறனில் சாய்ந்தெழும் ஒரு கோடும் வரும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் மெய் அச்சில் படலத்தின் தடை கிடைக்கும். தடிப்பைத் தடையாலும் பரப்பாலும் வகுத்தால் கடத்துதிறன். 200 மைக்ரோமீற்றர் தடிப்பும் 2.01 சதுர சென்ரிமீற்றர் பரப்பும் உள்ள வட்டுக்கு 1000 ஓம் தடை என்றால், அது சென்ரிமீற்றருக்கு 10⁻⁵ சீமன்சுக்குச் சமம் என்று மனத்தில் வைத்துக்கொண்டால், திரையைப் பார்த்ததுமே மதிப்பு விளங்கிவிடும்.

வெப்பநிலையை எழுதாமல் "அறை வெப்பநிலை" என்று மட்டும் குறிப்பது இங்கே பொருந்தாது. குளிரூட்டி ஓடும்போது அறை 24 பாகை, நிறுத்தினால் 30 பாகை. இத்தகைய பல்பகுதியங்களில் கடத்துதிறன் வெப்பநிலையோடு வளைந்தேறும் கோடாக உயர்வதால், அந்த ஆறு பாகை கணிசமான வேறுபாட்டைத் தரும். கலத்தை வெப்பநிலை கட்டுப்படுத்திய அடுப்புக்குள் வைத்து, ஒவ்வொரு வெப்பநிலையிலும் அரை மணித்தியாலத்துக்கு மேல் நிலைக்கவிட்டே அளந்தேன்.

30 பாகையில் தடை ஏறத்தாழ 4100 ஓம். அதாவது சென்ரிமீற்றருக்கு 2.4 × 10⁻⁶ சீமன்சு. 60 பாகையில் 1.5 × 10⁻⁵. மெதைல் மெதாக்ரிலேற்று ஒட்டிய படலத்தோடு ஒப்பிட்டால் இது ஆயிரம் மடங்கு வரையிலான உயர்வு. உப்புச் சேர்க்காத ஒட்டுப் படலத்தையும் அதே முறையில் அளந்தேன். அதன் தடை கருவியின் எல்லைக்கு அப்பால் இருந்தது. கழுவும்போது நீங்காத அயன்கள் எவையும் இந்த எண்ணைத் தரவில்லை என்பதற்கு அதுவே ஆதாரம்.

உலர்ந்ததுதானா என்று அறிய இரண்டு சோதனைகள் செய்தேன். முதலாவது, கலத்தை 80 பாகை வரை சூடாக்கி, பின் ஆறவிட்டு, ஏறும்போதும் இறங்கும்போதும் அளந்த கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றனவா என்று பார்ப்பது, படிந்தன. இரண்டாவது, அதே தகட்டிலிருந்து வெட்டிய மற்றொரு வட்டை வேண்டுமென்றே இரவு முழுவதும் திறந்த காற்றில் வைத்து, மறுநாள் அளப்பது. அது 30 பாகையில் ஏறத்தாழ பத்து மடங்கு அதிகமாகக் கடத்தியது. செங்கீழ் நிறமாலையில் 3500 அருகே நீரின் அகன்ற முனைப்பும் தோன்றியது. நீரின் மற்றைய முனைப்பு 1640 அருகே வருவதால், அது இறப்பரின் இரட்டைப் பிணைப்பு முனைப்போடு கலந்து ஏமாற்றும், நம்பத்தக்கது 3500தான். அதே வட்டை மீண்டும் வெற்றிடத்தில் உலர்த்தியபோது கடத்துதிறன் பழைய மதிப்பை ஒட்டி இறங்கிவிட்டது. அந்தப் பத்து மடங்கு முழுவதும் கொழும்புக் காற்றின் நன்கொடை. இந்தச் சோதனையை இவ்வகைப் படலம் செய்யும் ஒவ்வொரு மாணவரும் ஒருமுறையாவது செய்து, இரண்டு எண்களையும் அருகருகே எழுதிப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

படலத்தின் இயல்பைப் பற்றிச் சிறிது. கிளைக்கோல் பல்பகுதியம் தனியாகப் பிசுபிசுத்து வழியும் பொருள். ஒட்டுப் படலமோ தட்டிலிருந்து உரித்தெடுத்தபின் தன் வடிவத்தில் நிற்கிறது, இழுத்தால் நீள்கிறது. மேற்பரப்பு சற்று ஒட்டும். மின்வாயோடு நன்கு பொருந்துவதற்கு அது உதவுகிறது, கையாளுவதற்கு இடைஞ்சல். கந்தகத்தால் வன்கந்தகமாக்கி இறுக்குவது எளிது. ஆயினும் இலித்தியத்தின் அருகே கந்தகத்தையும் ஆர்முடுக்கிகளையும் கொண்டுபோக நான் விரும்பவில்லை. பரவொட்சைட்டால் இலேசாகக் குறுக்குப் பிணைப்பது பொருத்தமாக இருக்கும். இறப்பரின் இரட்டைப் பிணைப்புகளும், எதிலீன் ஒட்சைட்டே ஏறத்தாழ 4 வோல்ற்றுக்கு மேல் ஒட்சியேற்றமடைவதும் சேர்ந்து, உயர் அழுத்த நேர்மின்வாய்களை விலக்குகின்றன, 3.4 வோல்ற்றில் இயங்கும் இலித்தியம் இரும்புப் பொசுபேற்றே இதற்கு இசைந்த துணை.

செய்ய வேண்டியவற்றில் முதன்மையானது, அளந்த கடத்துதிறனில் இலித்தியத்தின் பங்கைக் கண்டறிவது. இவ்வகைப் பல்பகுதியங்களில் எதிரயனே பெரும்பாலும் அதிகம் ஓடுகிறது. இலித்தியம் ஈதர் ஒட்சிசன்களோடு கட்டுண்டு மெதுவாக நகர்கிறது. இரு இலித்தியம் வட்டுகளுக்கிடையே படலத்தை வைத்து, 10 மில்லிவோல்ற்று அழுத்தம் கொடுத்து, தொடக்க மின்னோட்டத்தையும் நிலைத்த மின்னோட்டத்தையும், இரு வேளையிலும் இடைமுகத்தின் தடையையும் அளந்து கணிக்கும் புரூஸ், வின்சென்ற் முறை அதற்கு உரியது. இலித்தியம் உலோகத்தைத் திறந்த அறையில் வெட்ட முடியாது என்பதால், மூடிய உறைகளில் உலர்நிலையில் வைத்துள்ள படல வட்டுகளை, கையுறைப் பெட்டியுள்ள வேறோர் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுசென்று அந்த அளவீட்டைச் செய்ய ஒழுங்கு செய்துள்ளேன். அதே நேரத்தில் கிளை 60 சதவீதம் வரை உயர்ந்த ஒரு தொகுதியையும் தயாரிக்கிறேன். ஒருபகுதியத்தை ஒரேயடியாகச் சேர்க்காமல், ஊசிக்குழாயால் நான்கு மணித்தியாலத்தில் சிறிது சிறிதாகச் செலுத்தினால், தனிப் பல்பகுதியம் குறைந்து இறப்பரில் ஒட்டும் பங்கு கூடுகிறதா என்பதை அத்தொகுதியின் மெதனோல் பிரித்தெடுப்பு காட்டும்.